"மலைக்குன்னே செஞ்சதுங்ணா" – 18,400 ரூபாய் போச்சு

ஞாயிறு ராத்திரி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மொட்டைமாடியில் ஆண்டெனா பெட்டியைத் திறந்தேன். அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. உள்ளே போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. 18,400 ரூபாய்! கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீடு கோத்தகிரி பக்கம், சரிவில். ஃபைபர் வரவில்லை. எதிர்மேட்டுச் சித்தப்பா வீட்டிலிருந்து டிஷ் வைத்துத்தான் நெட் இழுக்கிறோம். கூடலூர் பக்கம் ஜூனிலேயே கொட்டும். எங்களுக்கு அக்டோபர், நவம்பர்தான் கண்டம். அதற்குள் பழைய பெட்டியை மாற்றிவிடலாம் என்று கோவையில் ஆண்டெனா சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் போடவில்லை, கேஸ் கீஸ் என்று என்னால் அலைய முடியாது.

அங்கேதான் கவிழ்ந்தேன். கடைக்காரர் பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பரை வைத்து மூடி, வாசலுக்குக் கொண்டுபோய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். திறந்தால் பேப்பர் மொறமொறவென்று இருந்தது. "மலைக்குன்னே செஞ்சதுங்ணா. ஐபி 67. தொட்டில போட்டாலும் ஒண்ணும் ஆகாது." ஐபி என்றால் தூசையும் தண்ணீரையும் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண். பெட்டி, இடி மின்னலில் பாயும் மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்பும் சர்ஜ் புரொடெக்டர், கேபிள், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 18,400. பேரம்கூடப் பேசவில்லை நான்.

அவர் தண்ணீர் ஊற்றியது துளையே போடாத பெட்டி மேல்! அது அப்போது உறைக்கவில்லை. மாட்ட வந்த பையன் மேல்பக்கம் துளைத்து, கேபிளை விட்டு, சுற்றிலும் சிலிகான் அப்பிவிட்டுப் போனான். கேபிளோடு இறங்கும் தண்ணீர் நேரே உள்ளே. ஈரத்தில் ஐபி 67 ஸ்டிக்கர் உரிந்தது. அடியில் பிளாஸ்டிக்கில் அச்சாகியிருப்பது ஐபி 44. தெறிக்கிற தண்ணீருக்குத் தாங்கும், அவ்வளவுதான். சர்ஜ் புரொடெக்டரின் எர்த் கம்பி எதிலும் சேராமல் டேப் சுற்றித் தொங்குகிறது.

திங்கள் போன் செய்தால் "மாஸ்டர் லீவுங்ணா". நேற்று, "இடி விழுந்தா வாரண்டி இல்லீங்களே". இடியே விழவில்லையே என்றேன். "அப்ப பனிங்ணா." படம் அனுப்பினேன், நீல டிக்கோடு சரி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. துளை அடிப்பக்கம் மட்டும், கிளாண்டோடு (கேபிளைச் சுற்றி இறுக்கித் தண்ணீரைத் தடுக்கும் திருகு மூடி). கேபிள் பெட்டிக்குக் கீழே வளைந்து தொங்கி, பிறகு ஏறி நுழையட்டும். எர்த் மண்ணுக்குப் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அப்புறம் பில் வாங்குங்கள். என்னிடம் இருப்பது ஒரு துண்டுச்சீட்டு, 18,400 என்று பென்சிலில்.