ராக்கெட்டுக்குக் காயில் கட்டலாமா, புதுசே வாங்கிடலாமா?

கோயமுத்தூர்ப் பக்கம் தோட்டத்து மோட்டார் கருகிவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, காயில் கட்டலாமா, புதுசே வாங்கிடலாமா என்பதுதான். காயில் கட்டினால் செலவு குறையும். ஆனால் பேரிங் போயிருந்தால் அதுவும் சேரும், கட்டிக் கொடுத்த ஆள் சரியில்லை என்றால் ஆறே மாதத்தில் மறுபடி கிணற்றில் கயிறு போட்டுத் தூக்க வேண்டும். கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இது தினப்படி சமாச்சாரம். போன மாதம் ஏரோநாட்டிக்கல் படிக்கிற அக்கா மகன் பட்டறைக்கு வந்து, "மாமா, ராக்கெட்டைக் கடல்ல வீசறதெல்லாம் பழைய கதைங்க, இனிமே எல்லாமே திரும்பி வந்து இறங்கணுமுங்க" என்று ஆரம்பித்தான். "சரி சாமி, வருசத்துக்கு எத்தனை பீஸுக்கு ஆர்டர் இருக்குது?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தச் சண்டையில் நாங்கள் பேசியதும், அப்புறம் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டதும்தான் கீழே.

பேச்சுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: 500 கிலோ செயற்கைக்கோளை 500 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விட வேண்டும். இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. என்கிற சின்ன ராக்கெட் செய்கிற வேலை இது.

முதலில், ஏன் பாதி ராக்கெட்டை மட்டும் மீட்பது? திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கேசிங் பைப் மண்ணுக்குள் போனால் போனதுதான், ராடும் ஹேமரும் திரும்ப வரும், பிட்டு தேயும். ராக்கெட்டிலும் அப்படித்தான். முதல் அடுக்கு, அதாவது கீழ் அடுக்கு, கழன்று விழும்போது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 போன்ற ராக்கெட்டில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். மேல் அடுக்கோ சுற்றுப்பாதை வேகத்துக்கு, அதாவது 7.6 கிலோமீட்டருக்குப் போய்விடுகிறது. வேகம் கிட்டத்தட்ட நாலு மடங்கு என்றால், திரும்பி வரும்போது கரைக்க வேண்டிய ஆற்றல் கிலோவுக்குப் பதினாலு மடங்கு. போதாததற்கு, மேல் அடுக்கில் ஒரு கிலோ கவசம் கூட்டினால் செயற்கைக்கோளில் ஒரு கிலோ குறையும். கீழ் அடுக்கில் கூட்டினால் அதில் சின்னப் பங்குதான் குறையும். அதனால் மேலே போனது கேசிங், கீழே இருப்பது ராடு.

இனி, கீழே விழுகிற அந்த அடுக்கை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் போட்டி.

என்ஜினை எரித்தே இறக்குவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஸ்பேஸ்எக்ஸ் 2015 டிசம்பரில் முதல் தடவையாகத் தரையில் இறக்கியது, 2016 ஏப்ரலில் கடலில் மிதக்கும் மேடையில் இறக்கியது, 2017 மார்ச்சில் பறந்த அடுக்கையே மறுபடி பறக்க விட்டது. இப்போது ஒரே அடுக்கு 30 தடவைக்கு மேல் போய் வந்தாகிவிட்டது. பார்க்க மாயாஜாலம்தான், ஆனால் அதற்குள் இருக்கிற இரண்டு மூன்று கெட்டிக்காரத்தனங்களைத்தான் நம்மாட்கள் கவனிப்பதில்லை. ஒன்று, கீழே ஒரு பெரிய என்ஜினுக்குப் பதிலாக மெர்லின் என்கிற சின்ன என்ஜின் 9. காலியான அடுக்கு புறப்பட்ட எடையோடு பார்த்தால் வெறும் தகர டின், அதை ஒரு பெரிய என்ஜினை எரித்து இறக்க முயன்றால் இறங்காது, மறுபடி மேலேதான் கிளம்பும். ஒன்பதில் ஒன்றை மட்டும் எரித்தால்தான் கைக்கு அடங்கும். அந்த ஒன்றுகூட முழு வேகத்தில் 86 டன் தள்ளும், எவ்வளவு குறைத்தாலும் காலி அடுக்கின் எடையைவிட அதிகம். ஆக ஹெலிகாப்டர் மாதிரி நின்று நிதானித்து இறங்குகிற பேச்சே இல்லை. திம்பம் மலைப்பாதையில் ஒரே ஒரு தடவை மட்டும் பிரேக் பிடிக்கலாம், வண்டி சரியாகக் கோட்டில் நிற்க வேண்டும், முன்னாடியே நின்றால் வண்டி பின்னோக்கி ஓட ஆரம்பித்துவிடும் என்று டிரைவரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் செய்கிறது.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. மேல் அடுக்கிலும் அதே மெர்லின்தான், விண்வெளிக்கு ஏற்ற பெரிய நாசிலோடு, அதாவது நெருப்பு வெளியேறும் புனலோடு. கீழ் அடுக்கின் 9 என்ஜின் திரும்பி வந்துவிட்டாலும் மேலே போன ஒன்று ஒவ்வொரு தடவையும் காலி, ஆகவே என்ஜின் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். இது ஏன் முக்கியம் என்று அப்புறம் சொல்கிறேன்.

இதற்குக் கொடுக்கிற விலை: இறங்குவதற்கான எரிபொருள், கால்கள், இறங்கும்போது திசை திருப்ப டைட்டானியத்தில் செய்த கிரிட் ஃபின் என்கிற சல்லடைத் துடுப்பு. தூக்கும் சுமையில் கணிசமான பங்கு இதற்கே போய்விடும். ஏவிய இடத்துக்கே திரும்புவதென்றால் எரிபொருள் இன்னும் கூடும், கடலில் மேடை போட்டால் குறையும். குலசேகரப்பட்டினத்தில் வரப்போகும் ஏவுதளத்தின் நன்மையே, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்புவது போல இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேராகத் தெற்கே போகலாம் என்பதுதான். அப்படிப் போனால் அடுக்கு விழுவது நடுக்கடலில். அங்கே போய்க் காத்திருக்கக் கப்பல் வேண்டும், கப்பலுக்கு ஆள் வேண்டும், ராக்கெட் கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும் சம்பளம் வேண்டும்.

பாராசூட் வழியை ராக்கெட் லேப் என்கிற நிறுவனம் பிடித்தது. அவர்களுடைய எலக்ட்ரான் ராக்கெட் நமக்கு நெருங்கிய சாதி: 18 மீட்டர் உயரம், 300 கிலோ சுமை, பேட்டரியில் ஓடுகிற பம்ப்போடு 9 என்ஜின். இந்த அளவில் இறங்குவதற்கென்று எரிபொருள் ஒதுக்கினால் செயற்கைக்கோளுக்கு இடமே இருக்காது. மறுபயன்பாடே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதன் தலைவர் பீட்டர் பெக், மனசு மாறியதும் சொன்ன வாக்குக்காகத் தன் தொப்பியை மிக்ஸியில் அரைத்துத் தின்று காட்டினார். (நம்ம ஊர் முதலாளிகளுக்கு இந்தப் பழக்கம் வந்தால் தொப்பிக் கடைக்காரர் பிழைத்துக்கொள்வார்.) 2022 மே மாதம் பாராசூட்டில் தொங்கி வந்த அடுக்கை ஹெலிகாப்டர் கொக்கி போட்டுப் பிடித்தது. பிடித்த சில நொடியில் சுமை ஆடுகிற விதம் ஒத்திகையில் இருந்தது போல இல்லை என்று பைலட் விட்டுவிட்டார். அப்புறம் அந்த வழியையே கைவிட்டு, கடலில் விழட்டும், கப்பலில் அள்ளிக்கொள்வோம் என்று மாறினார்கள். மறுபடி பறந்தது என்று பார்த்தால், 2023 ஆகஸ்டில் எலக்ட்ரானின் ஒரே ஒரு என்ஜின், ரதர்ஃபோர்டு என்று பேர்.

ஏன் இவ்வளவு இழுத்தடிப்பு என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. உப்புத் தண்ணி போரில் கிடந்த சப்மெர்சிபிளை மேசை மேல் வைத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வெளியே துடைத்தால் பளபளவென்று இருக்கும். சீலைக் கழற்றினால் உள்ளே சேறு மாதிரி ஒரு வெள்ளைப் பசை, செம்புக் கம்பியில் பச்சை, ஷாஃப்டில் ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாகக் குழி. மைக்ரோமீட்டரில் அளவு சரியாகத்தான் காட்டும், ஆனால் அந்தக் குழியில் இருந்துதான் அடுத்த விரிசல் ஆரம்பிக்கும். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிற ராக்கெட் பம்ப்பைக் கடல் தண்ணீரில் முக்கி எடுத்து, இதை மறுபடி பூட்டலாம் என்று கையெழுத்துப் போடுவது யார்? பிரித்து, கழுவி, எக்ஸ்ரே எடுத்து, பாதிப் பாகத்தை மாற்றினால் அது காயில் கட்டுவதுகூட இல்லை, பழைய பாடியில் புது மோட்டார். அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டில் பட்ட பாடும் இதுதான். 1981 முதல் 2011 வரை 135 தடவை பறந்தது, பக்கத்து பூஸ்டர்களைக் கடலில் இருந்து இழுத்து வந்தார்கள், முதன்மை என்ஜின்களை ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினார்கள், கடைசியில் ஒரு பயணத்துக்கு நாசா சொன்ன சராசரிச் செலவே 45 கோடி டாலர். திரும்பி வந்தது என்பதும் மிச்சமானது என்பதும் வேறு வேறு.

பாராசூட் பெரிய அடுக்குக்கும் ஆகாது. ஃபால்கன் 9-ன் ஆரம்பப் பயணங்களில் பாராசூட்தான் வைத்துப் பார்த்தார்கள், அது விரிவதற்குள் அடுக்கு காற்றில் உடைந்து போனது.

இறக்கை வைத்து இறக்குவது பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், மாப்ளைக்கு வருத்தம் என்றாலும். இஸ்ரோவின் புஷ்பக் சோதனை வாகனம் அருமையான வேலை. சித்ரதுர்கா பக்கம் சினூக் ஹெலிகாப்டரில் 4.5 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டார்கள், அதுவே வழி பிடித்து ஓடுதளத்தில் இறங்கியது, 2023-ல் ஒரு தடவை, 2024-ல் இரண்டு தடவை. கடைசிச் சோதனையில் தரை தொட்ட வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல், பயணிகள் விமானம் 260 வாக்கில் இறங்கும். முந்தின சோதனையில் இறங்கிய உடலையே அடுத்ததற்கும் பயன்படுத்தினார்கள் என்பது கூடுதல் பெருமை. "சூலூர் ஓடுதளத்துல இறங்கினா எப்படிங்க மாமா இருக்கும்!" என்றான். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இறக்கை, சக்கரம், வெப்ப ஓடு எல்லாம் மேலே போகும்போது வெறும் சுமை. பூமிக்குத் திரும்ப வேண்டிய ஆராய்ச்சிப் பொருளை இறக்க இது சரி, 500 கிலோ கோளை ஏவுகிற ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கு இது திருமண மண்டபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பெண் பார்க்கப் போவது மாதிரி.

என்ஜின் பகுதியை மட்டும் வெட்டி மீட்பது இன்னொரு யோசனை. அமெரிக்காவின் வல்கன் ராக்கெட்டுக்கு இதைத் திட்டமாக வைத்திருக்கிறார்கள்: டேங்கை விட்டுவிடு, விலை உயர்ந்த இரண்டு என்ஜினையும் காற்றடித்து விரிகிற கவசத்தோடு இறக்கு. டேங்க் தகரம், என்ஜின்தான் தங்கம் என்கிற கணக்கு எனக்குப் புரிகிறது. செய்து காட்டட்டும்.

அப்புறம் ஒன்றையும் மீட்காத வழி. எஸ்.எஸ்.எல்.வி.யில் மூன்று திட எரிபொருள் அடுக்குகள். பட்டாசுக் குழாயைத் திரும்பக் கொண்டு வந்து என்ன செய்வது? 2022-ல் முதல் ஏவல் தோற்றது, 2023-லும் 2024-லும் ஜெயித்தது. சின்னக் குழுவை வைத்துச் சில நாட்களில் பூட்டி ஏவிவிடலாம் என்பதுதான் அதன் பலம்.

இப்போது கணக்கு. ஃபால்கன் 9-ன் செலவில் ஏறத்தாழ 60 விழுக்காடு கீழ் அடுக்கு, 20 மேல் அடுக்கு, 10 செயற்கைக்கோளை மூடியிருக்கிற மூக்குப் பக்க மூடி, மீதி ஏவுகிற செலவு என்று ஸ்பேஸ்எக்ஸ் முதலாளி எலான் மஸ்க் சொல்லியிருக்கிறார். அதையே வைத்து, ராக்கெட் நூறு ரூபாய் என்போம். மறுபடி தயார் செய்ய ஒவ்வொரு தடவையும் 10 ரூபாய் (முதல் பயணத்துக்கு அது வேண்டாம்), சுமை 30 விழுக்காடு குறைகிறது என்று நானாக வைத்துக்கொள்கிறேன். இரண்டு தடவை பறந்தால் ஒரு பயணத்துக்கு 75 ரூபாய், ஆனால் சுமை குறைந்ததால் பழைய அளவு சுமையைத் தூக்க 107 ஆகிறது, நஷ்டம். மூன்று தடவைக்கு 95. பத்துத் தடவைக்கு 79. மூன்றாவது பயணத்தில் இருந்து லாபம், அதுவும் ஜன்னலைத் திறந்ததும் கொட்டுகிற லாபமில்லை.

இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. பட்டறைக்காரனுக்கு மட்டும் உறுத்துகிற ஒன்று. ஒரு புது பீஸுக்கு சி.என்.சி.யில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷினில், செட்டிங் போட அரை நாள் ஆகும், பீஸ் ஓடுவது இருபது நிமிடம். 200 பீஸ் ஆர்டர் என்றால் அந்த அரை நாள் தெரியாது. நாலு பீஸ் என்றால் பார்ட்டிக்கு விலை சொல்லவே வாய் வராது. 2024-ல் இந்தியாவில் இருந்து சுற்றுப்பாதைக்குக் கிளம்பியது எல்லா ரகமும் சேர்த்து 5 ராக்கெட். ஒரு அடுக்கு பத்துத் தடவை பறக்கும் என்றால், அஞ்சையும் அதிலேயே ஏவினாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு அடுக்கு செய்தால் போதும். மீதி நாட்களில் வெல்டர் என்ன செய்வார், பீஸைப் பிடித்து வைக்கிற ஜிக் எல்லாம் எங்கே தூங்கும்? அந்தச் செலவு முழுக்க அந்த ஒரு அடுக்கின் தலையில்தான் விழும், அறுபது ரூபாய் அடுக்கு நூற்றைம்பது ஆகும். மெர்லின் லைன் ஓடிக்கொண்டே இருப்பது முக்கியம் என்றேனே, அது இதனால்தான். ஸ்பேஸ்எக்ஸ் 2024-ல் 130 தடவைக்கு மேல் ஏவியது, அதில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்த ஸ்டார்லிங்க் இணையச் சேவைக்கான கோள்கள். ஆர்டர் இல்லாததால் ஆர்டரையே சொந்தமாகப் போட்டுக்கொண்டார்கள்.

"விலை குறைஞ்சா ஆர்டர் தானா வருமுங்க மாமா" என்றான். அதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் பெரிய ராக்கெட்டுக்கு என் பதில் வேறு. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாயில் ஒப்புதல் கொடுத்த அடுத்த தலைமுறை ஏவுவாகனம் 30 டன் தூக்கப் போகிறது, கீழ் அடுக்கு திரும்பி வரும். அந்த அளவுக்கு என்ஜினை எரித்து இறக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் நம்ம 500 கிலோ வேலைக்கு? நானாக இருந்தால் இப்போதைக்கு ஒன்றையும் இறக்க மாட்டேன். திட எரிபொருளை விட்டுவிட்டு, மேலேயும் கீழேயும் ஒரே ரக திரவ என்ஜின் போட்டு, மொத்தமாகச் செய்து விலையைக் குறைப்பேன். 2024 மே மாதம் சென்னை அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த என்ஜினைப் பறக்கவிட்டது, அந்தத் திசை சரி. என்ஜின் பகுதியை டேங்கோடு வெல்டு வைக்காமல் போல்ட்டில் பூட்டி வைப்பேன், நாளைக்கு ஆர்டர் வந்தால் அதை மட்டும் கழற்றி இறக்கிக்கொள்ள.

"அப்ப திருப்பிக் கொண்டு வர்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஒன்று இருக்கிறது என்றேன். மூக்குப் பக்க மூடி. ஃபால்கனில் அது இரண்டு பாதியும் சேர்ந்து சுமார் 60 லட்சம் டாலர். கப்பலில் பெரிய வலை கட்டிப் பிடித்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. இப்போது பாராசூட்டில் கடலில் விழ விட்டு, அள்ளி, கழுவி, மறுபடி மாட்டுகிறார்கள். அதில் டர்பைன் இல்லை, அதிவேகத்தில் சுற்றுகிற ஷாஃப்ட் இல்லை, பச்சை பிடிக்க காயிலும் இல்லை. முதல்ல அதைப் பொறுக்கிட்டு வரச் சொல்லு சாமி என்றேன்.