மதுரை–லண்டன்: செயலி சொல்லும் நேரமும் நாங்கள் போய்ச்சேரும் நேரமும்

மதுரைக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழி நேர்தூரம் சுமார் 8,360 கிலோமீட்டர். தூரம் கணக்கிடும் செயலிகள் பறக்கும் நேரம் பத்தரை மணி என்று கூசாமல் சொல்கின்றன. அப்படி ஒரு நேரடி விமானம் நம் ஊரிலிருந்து கிளம்புவதே இல்லை. மகள் அங்கே குடியேறியதிலிருந்து நானும் மனைவியும் போய்வந்துகொண்டிருக்கிறோம். வாசலுக்கு வாசல் ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்வதே நியாயமான கணக்கு.

வரைபடத்தில் பார்த்தால் துபாய் வழிதான் அழகு. மதுரை–துபாய் 2,950, அங்கிருந்து லண்டன் 5,500. கூட்டினால் நேர்தூரத்தைவிட நூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. ஆனால் அது எங்களுக்கு அமைந்தது இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக. முதல் விமானம் தாமதமானது, அடுத்தது போய்விட்டது. இரண்டு நிறுவனங்களும் கைவிரித்துவிட்டன. புது டிக்கெட் எங்கள் செலவில்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு. தொல்லையெல்லாம் சென்னை போய்ச்சேர்வதில்தான். எங்களுக்குக் கிடைத்த விமானம் விடியற்காலையில். வைகை எக்ஸ்பிரஸில் முந்தைய நாள் பகலிலேயே போய் இறங்கி, இரவு முழுக்க விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களின் இடுப்பு எந்தச் செயலியின் கணக்கிலும் வராது.

மூன்றாவது கொழும்பு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழிதான்: முதலில் தென்கிழக்கே 350 கிலோமீட்டர், பிறகு 8,700. நேர்தூரத்தைவிட ஏறக்குறைய 700 அதிகம். இருந்தும் போகும்போது நாங்கள் எடுப்பது இதைத்தான். ஒரே டிக்கெட். அவனியாபுரம் பக்கம் இருக்கும் மதுரை விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுத்தால் லண்டன் ஹீத்ரூவில் வாங்கிக்கொள்ளலாம். குடியேற்றச் சோதனையும் மதுரையிலேயே முடிந்துவிடுகிறது. சென்னையின் வரிசையோடு ஒப்பிட்டால் அது வரிசையே அல்ல. கொழும்பில் காத்திருக்கும் நேரம் மட்டும் மூன்று மணிக்குள் இருக்கும்படி பார்த்து எடுக்கவும்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகியிருக்கும். லண்டன் நமக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் பின்னால் இருக்கிறது. இதைக் கூட்டாமல் பார்த்தால் பயணம் சின்னதாகத் தெரியும். முதன்முறை போகிறவர்கள் மாத்திரை வேளையைக் கணக்கிடும்போது கவனிக்க வேண்டியது இது.

2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி மூடிக்கிடக்கிறது. மேற்காசியாவில் சண்டை மூண்டால் ஈரான் பக்கமும் மூடிவிடுகிறார்கள். அப்போது விமானம் சுற்றிக்கொண்டு போகும், நேரம் கூடும்.

திரும்பும்போது மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பறக்கும் நேரம் குறைகிறது, சில சமயம் ஒரு மணி நேரம்வரை. அதனால் கட்டணம் ஒத்துவந்தால் வரும்போது சென்னை வழியே வருகிறோம். எழும்பூர்வரை போகத் தேவையில்லை. மதுரை ரயிலைத் தாம்பரத்திலேயே பிடித்துக்கொள்ளலாம்.