செவ்வந்திக்கல் மோதிரமும் தோடும்: பல வருடம் போட்ட பிறகு

அமெதிஸ்ட் என்கிற செவ்வந்திக்கல் பதித்த வெள்ளி மோதிரம் ஒன்றும் ஒரு ஜோடித் தோடும் பல வருடங்களாக என்னிடம் இருக்கின்றன. ஒரே சமயத்தில் வாங்கியவைதான், ஆனால் இப்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தோட்டுக் கல் அப்படியே மின்னுகிறது, மோதிரக் கல்லின் பட்டை ஓரங்கள் லேசாக மழுங்கிவிட்டன.

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் இதன் கடினம் 7. குறைவில்லை, ஆனால் இது குவார்ட்ஸ் என்கிற கனிம வகைக் கல், நம்மைச் சுற்றியுள்ள தூசியிலும் மணலிலும் அதே குவார்ட்ஸ் துகள்கள் இருப்பதால் கையில் போடும் கல் தினமும் தன் இனத்தோடேயே உரசிக்கொண்டிருக்கிறது. நீலக்கல்லுக்கு 9, அதனால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. தூசியோடு வெறும் துணியால் துடைக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

நிறம் எனக்கு மங்கவில்லை, கழற்றியதும் பெட்டிக்குள் வைத்துவிடுவேன் என்பதும் காரணமாக இருக்கலாம். கல்லுக்குள் இருக்கும் துளி இரும்பும் பூமிக்குள் கிடைத்த இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்துதான் இந்த ஊதாவைத் தருகின்றன. நெடுநாள் கடும் வெயில் பட்டால் சில கற்கள் வெளிறும், பலமாகச் சூடாக்கினால் பெரும்பாலும் மஞ்சளாகிவிடும். கடைகளில் சிட்ரின் என்று விற்கும் மஞ்சள் கற்களில் நிறைய இப்படிச் சுட்ட அமெதிஸ்ட்தான்! ஆகவே மோதிரத்தைப் பற்றவைக்கக் கொடுத்தால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் செய்யச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் இது மாணிக்கம், மரகதம் வரிசையில் வைத்துப் பேசப்பட்ட கல், கத்தோலிக்க ஆயர்களின் மோதிரங்களில் இருந்தது, ரஷ்யாவின் உரால் மலைக் கற்களுக்கு அரசவைகளில் தனி மவுசு. 19-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலும் உருகுவேயிலும் குவியல் குவியலாகக் கிடைக்கவே விலை சரிந்தது. நமக்கு நல்லதாகப் போயிற்று. பெரிய கல்லும் சுலபமாகக் கிடைப்பதால் எடைக்காகக் காசு கொடுக்காதீர்கள், நிறத்துக்குக் கொடுங்கள்: ஆழ்ந்த ஊதா, திருப்பும்போது உள்ளே சிவப்புச் சாயல். வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்தால் நிறம் திட்டுத்திட்டாக இருப்பது தெரிந்துவிடும். 'சைபீரியன்' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் நிறத்தின் தரத்தைத்தான் குறிக்கும், ஊரை அல்ல.

ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் சந்தையில் தாராளம், கண்ணால் பிரித்தறிவது கடினம், விலை மலிந்த கல்லுக்குச் சோதனைச் செலவும் கட்டாது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. இனி வாங்கினால் தோடோ பதக்கமோதான். மோதிரம்தான் வேண்டும் என்றால் கல்லின் ஓரம் முழுக்க உலோகம் சூழ்ந்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.