ரோஜா–ஊத் அத்தரா, எலுமிச்சை கொலோனா: வேலை மேசைக்கு எது?

எழுத உட்காரும் முன் சென்ட் பூசிக்கொள்வது பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கிறுக்காகத்தான் தெரியும். எங்கேயும் கிளம்பவில்லை, யாரும் வரப்போவதில்லை, பிறகு யாருக்காக? ஆனால் ஜெர்மன் கவிஞர் ஷில்லர் மேசை இழுப்பறையில் அழுகிய ஆப்பிள்களைப் போட்டு வைத்திருந்தார், அந்த வாடை இல்லாமல் அவருக்கு எழுத்து ஓடாது என்று அவருடைய மனைவியே சொன்னதாக அவருடைய நண்பரான கவிஞர் கோதே சொல்லியிருக்கிறார். அதற்கு ரோஜா எவ்வளவோ மேல்.

இங்கே எடை போடுவது மூன்றை: ரோஜாவும் ஊத்தும் (அகில் கட்டையிலிருந்து வரும் எண்ணெய்) கலந்த எண்ணெய் அத்தர், அதே ஜோடியில் வரும் ஆல்கஹால் ஸ்ப்ரே, அப்புறம் எலுமிச்சை, பெர்கமோட் வகைக் கொலோன். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கதை எழுதியிருக்கிறேன், மைத்தூரிகையும் பேனாவுமாகப் படம் வரைந்திருக்கிறேன். இப்போது மேசை மேல் நிற்பது அத்தர்தான், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். வாசனை மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, டிஃப்யூசர் இதெல்லாம் அறைக்கான சங்கதி. பிடிக்கவில்லை என்றால் எழுந்து ஜன்னலைத் திறக்க வேண்டும், அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கொலோன் லேசானது, மணப்பொருள் 2 முதல் 5 சதவீதம்தான் இருக்கும், 1709-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரினா குடும்பம் தொழிலை ஆரம்பித்த நாளிலிருந்து அது விற்பது புத்துணர்ச்சியைத்தான். ஓ டி பர்ஃபம் என்று ஒட்டி வரும் ஸ்ப்ரேயில் 15 முதல் 20 சதவீதம். அத்தரில் ஆல்கஹால் கிடையாது, எண்ணெயிலேயே எல்லாம். முகர்ந்த உடனே மனதை இழுப்பது கொலோன். விலையிலும் அதுதான் சாது. அறையில் இன்னொருவர் இருந்தால் அவர் முகம் சுளிக்காததும் அதற்குத்தான்.

சரி, பிறகு ஏன் அத்தர்? நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: உட்கார்ந்து மூன்றாவது மணி நேரத்தில் அந்த வாசனை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது. கடையில் நாம் காகிதப் பட்டையை மூக்கருகே கொண்டுபோய் முதல் ஒரு நிமிடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வெளியே சாப்பிடவோ கல்யாணத்துக்கோ போகிறவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் போதும், எதிரில் வருகிறவருக்கு அதுதான் கிடைக்கும். வேலைக்கு உட்காருகிறவருக்கு அந்த நிமிடத்தால் ஒரு பயனும் இல்லை, அந்த நேரத்தில் அவர் இன்னும் நேற்றைய பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பார்.

கொலோனில் இருக்கும், சிட்ரஸ் தோலிலிருந்து வரும் லிமோனீன் மாதிரியான மூலக்கூறுகள் ரொம்பச் சின்னவை, அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி பறந்துவிடும். பறப்பது தவறில்லை. அது பறந்துபோவது நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதுதான் தொந்தரவு. ஒரு பத்தி பிடிபட்டு வரும் நேரத்தில் ‘போய்விட்டதே’ என்று மூளையின் ஓரத்தில் ஒன்று தட்டும், கை பாட்டிலுக்குப் போகும், மறுபடி அடித்ததும் புது மணம், மறுபடி கவனம் மூக்குக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படி எழுந்து வந்தால் அந்தக் காலைப்பொழுது துண்டு துண்டாகிவிடும்.

ஸ்ப்ரேயின் குறை இதற்கு நேர் எதிர். ஆல்கஹால் ஆவியாகும்போது எல்லாவற்றையும் ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு வரும், முதல் கால் மணி நேரம் அறைக்குள் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். அது அடங்கின பிறகும் நிம்மதி இல்லை. 2002-ல் வந்த இவ் சான் லோரனின் எம்7, 2007-ல் வந்த டாம் ஃபோர்டின் ஊத் வுட் என்ற இரண்டு ஸ்ப்ரேக்களுக்குப் பிறகு மேற்கத்திய நிறுவனங்கள் வரிசையாக இந்தப் பக்கம் வந்தன, ஆனால் ஊத் என்று பெயர் போட்டு வரும் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் அகில் எண்ணெய் பெயருக்குக்கூட இருக்காது. கோரைக்கிழங்கு எண்ணெய், பச்சௌலி, குங்குமப்பூச் சாயல், வீரியமான செயற்கை மரவாசனைப் பொருட்கள் எல்லாம் சேர்த்து அந்தத் தோற்றத்தைக் கட்டுகிறார்கள். செயற்கை என்பதால் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை, அந்தக் கலையே வேறு. ஆனால் அந்த மரவாசனைகளில் காய்ந்த, கூரான ஒரு முனை இருக்கிறது, அது எனக்கு மூக்குத் தண்டிலேயே நிற்கும், சட்டையில் மறுநாள் வரைக்கும் நிற்கும். ராத்திரி தூங்கி எழுந்து அதே சட்டையைப் பார்த்தால் நேற்று எழுதி முடிக்காத வரி ஞாபகம் வருகிறது, அது தேவையா?

அத்தர் ரொம்ப மெதுவாக வேலை செய்யும். தொட்டு வைத்த முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், உடம்புச் சூடு ஏறினால்தான் கிளம்பும். முதலில் ரோஜா வரும். டமாஸ்க் ரோஜாவின் எண்ணெயில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் இரண்டும்தான் அளவில் பெரிய பங்கு, அந்த லேசான எலுமிச்சைப் புளிப்பு அவற்றிலிருந்து வருவது. ஆனால் கனிந்த பழம் மாதிரி ஒரு ஆழம் இருக்கிறதே, அதில் பெரிய பங்கு பீட்டா டமாஸ்கெனோன் என்ற பொருளுக்கு, எண்ணெயில் அது 1 சதவீதம்கூட இல்லை. அதற்குப் பின்னால் ஊத்: ஈர மரம், தோல், கொஞ்சம் மாட்டுத்தொழுவம், கொஞ்சம் புகை. அக்விலேரியா மரத்தில் காயம் பட்டுப் பூஞ்சை இறங்கினால் மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கும், அந்தப் பிசின் ஏறிய கட்டையைக் காய்ச்சி வடித்தால் வருவதுதான் இந்த எண்ணெய். அதிலிருக்கும் செஸ்கிடெர்பீன்கள் என்ற மூலக்கூறுகள் கனமானவை, சோம்பேறிகள், தாங்களும் மெதுவாகத்தான் போகும், ரோஜாவையும் சீக்கிரம் போக விடாது. அதனால் மூன்று மணி நேரத்தில் மணம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் இங்கே முடிந்தது, இங்கே தொடங்கியது என்று ஒரு கோடு போட முடியாது.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரே வாசனை தொடர்ந்து மூக்கில் பட்டால் அதை உணரும் நரம்பும் மூளையும் அதைக் கணக்கில் எடுப்பதைக் குறைத்துவிடும். அறையை விட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி தெரியும். மெதுவாக மாறும் வாசனையில் இந்தப் பழகிப்போதல் ஒழுங்காக நடக்கிறது, மின்விசிறிச் சத்தம் மாதிரி, இருக்கிறது ஆனால் கேட்பதில்லை. எழுதும்போது எனக்கு வாசனையே தெரிவதில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கையை நீட்டி மடக்கும்போது ஒரு கணம் வரும், ஓ நீ இருக்கிறாயா என்று தோன்றும், அவ்வளவுதான். எனக்கு வேண்டியதும் அதுதான். இங்கே ஒரு கண்ணி உண்டு, தெரியவில்லையே என்று இன்னொரு சொட்டு வைத்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியாது, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு அமர்வுக்கு ஒரு தடவை, அதோடு மூடியைத் திருகிவிடுவது நல்லது.

இது வேலை செய்கிறது என்று சொல்லும்போது எதைச் சொல்கிறேன் என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். ஊத் புது யோசனைகளைக் கொண்டுவரும், ரோஜா மனத்தடையை உடைக்கும் என்றெல்லாம் விற்பவர்கள் சொல்வார்கள், அதை நான் வாங்கிக்கொள்வதில்லை. வாசனைச் செய்தி மற்றப் புலன்களைப் போலத் மூளையின் இடைநிலையமான தலாமஸ் வழியாகச் சுற்றி வராமல், உணர்ச்சிக்கும் நினைவுக்குமான மூளைப் பகுதிகளான அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் கிட்டத்தட்ட நேராகவே போகிறது. ஒரு வாசனை இருக்கும்போது கற்றதை, அதே வாசனை மறுபடி இருக்கும்போது நினைவுகூர்வது எளிதாகிறது என்று பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் வேலைக்கு மட்டும் ஒரு வாசனையை ஒதுக்கி வைத்தால் அது ‘உட்கார்’ என்று உடம்புக்குச் சொல்லும் சைகையாகிவிடும், அதுவரைக்கும் நம்பலாம். அதற்கு மேலே உள்ளதில் பாதி நம்முடைய எதிர்பார்ப்புதான், அதனால் என்ன, எதிர்பார்ப்பும் உட்கார வைத்தால் சரி.

இதே கணக்கில் பார்த்தால் கொலோனும் சைகையாகலாமே என்று கேட்பீர்கள். ஆகலாம். ஆனால் கொலோன் வாசனை சோப்பில், ஷாம்பூவில், பாத்திரம் கழுவும் திரவத்தில் என்று வீடு முழுக்க இருக்கிறது. ரோஜா மட்டும் என்றாலும் அதே கதிதான். ஊத் கலந்த ரோஜா வேறு எதிலும் தற்செயலாக எதிர்ப்படுவதில்லை, ஆனால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே புழங்குகிறது என்றால் இந்த வாதம் உங்களுக்குப் பொருந்தாது, வேறு ஒன்றைப் பாருங்கள்.

பூசும் இடம் முக்கியம், இதை யாரும் சொல்வதில்லை. மணிக்கட்டில் வைக்காதீர்கள். மணிக்கட்டு மேசை மேல், தாள் மேல், விசைப்பலகை விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். அத்தர் பட்ட தாளில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் விழும், அந்த வட்டத்துக்குள் மை ஏறாது, நிப் வழுக்கிக்கொண்டு போகும், கோடு நடுவில் அறுந்து மறுபக்கம் தொடரும். படம் வரைபவர்களுக்கு அந்தத் தாள் போனது போனதுதான். முழங்கை மடிப்பின் உள்பக்கம் நல்ல இடம். பாட்டில் மூடியோடு வரும் கண்ணாடிக் குச்சியை பாட்டிலின் வாய் விளிம்பிலேயே வழித்து, மிச்சம் ஒட்டியிருப்பதை மட்டும் தொட்டு வைத்தால் போதும், சொட்டு விழும் அளவுக்கு வேண்டாம். கையை மடக்கினால் வாசனை உள்ளேயே இருக்கும், நீட்டினால் வெளியே வரும், மேலே சொன்ன அந்த ஒரு கணத்துக்குக் காரணம் இதுதான். இந்த விஷயத்தில் ஸ்ப்ரேயும் கொலோனும் பரவாயில்லை, உலர்ந்த பிறகு தாளைக் கெடுப்பதில்லை.

பராமரிப்பில் பெரிய பேச்சு இல்லை. சிட்ரஸ் எண்ணெய்கள் காற்றுப் பட்டுச் சீக்கிரம் கெடும், கெட்ட லிமோனீன் தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது, அதனால் கொலோனைப் பெரிய பாட்டிலாக வாங்கி வருஷக்கணக்கில் வைக்காதீர்கள். ஊத் அப்படியில்லை, வெளிச்சமும் சூடும் படாமல் வைத்தால் நன்றாகவே முதிரும். ரோஜா எண்ணெய் தூயதாக இருந்தால் 20 டிகிரி பக்கத்தில் உறையத் தொடங்கும், உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால் இளகிவிடும், கெட்டுப்போய்விட்டது என்று கொட்ட வேண்டாம்.

தூய்மை என்று வரும்போது ஒரு விஷயம். 1 கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 டன்னுக்கு மேல் பூ வேண்டும், பல்கேரியாவின் கசன்லக்கிலும் துருக்கியின் இஸ்பர்தாவிலும் விடிவதற்குள் பறித்து முடிக்கப் பார்ப்பார்கள். ஊத் பக்கம் போனால் அக்விலேரியா மலாக்கென்சிஸ் மரம் 1995-லேயே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏறிவிட்டது, பிறகு அந்தப் பேரினம் முழுவதும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் கலந்த ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். மேசை வேலைக்கு அது பெரிய குறை இல்லை. நான் வைத்திருப்பதும் நல்ல ரோஜாவோடு கொஞ்சம் தோட்டத்து ஊத்தும் மீதி சந்தனமுமான கலவைதான். கலப்பில்லாத காட்டு ஊத்தைப் போட்டுக்கொண்டு நான் வேலை செய்ததில்லை, நண்பர் ஒருவரின் கையில் முகர்ந்ததோடு சரி, அது தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ரகம் என்று தோன்றியது. எண்ணெய்வண்ணத்தில் வரைபவர்களுக்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது, டர்பென்டைன் நெடி முன்னால் எந்த அத்தர் நிற்கும் என்று தெரியவில்லை. இசை, நடனம் என்றால் வியர்வை சேரும், அந்தக் கணக்கே வேறு.

தோல் ஒவ்வாமை இருப்பவர்கள் மூன்றிலுமே கவனமாக இருக்க வேண்டும். ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலும் சிலருக்கு அரிப்பைக் கொண்டுவரும், பதப்படுத்தாத பெர்கமோட் எண்ணெய் பட்ட தோலில் வெயில் விழுந்தால் கருத்துப்போகும். ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் ஸ்ப்ரே பக்கம் போகவே வேண்டாம் என்பேன், அத்தரையும் முதலில் சட்டைக் கையின் உள்மடிப்பில் வைத்துப் பாருங்கள். கறை விழும், பழைய சட்டையாக இருக்கட்டும்.

நாலு பேர் சேர்ந்து உட்காரும் இடத்தில் வேலை என்றால் நான் இவ்வளவு நேரம் சொன்னதை மறந்துவிட்டுக் கொலோனையே வாங்குங்கள், ஊத்தின் தொழுவ வாடையைச் சகித்துக்கொள்ள வேண்டிய கடமை பக்கத்து நாற்காலிக்காரருக்கு இல்லை. நானும் கொலோனைத் தூக்கிப் போடவில்லை. எழுதியதைத் திருத்த உட்காரும் நாட்களில் அதைத்தான் அடித்துக்கொள்கிறேன், திருத்தம் எனக்கு எப்படியும் அரை மணி அரை மணியாகத்தான் நடக்கும், அது தீரும்போது எழுந்து நடக்கலாம் என்று அர்த்தம்.