ரமோன்ஸ் முதல் எல்.பி: 14 பாட்டு, 29 நிமிடம்

தஞ்சாவூரில் பஸ் ஏறி, அமெரிக்க ராக் குழுவான ரமோன்ஸின் இந்த முதல் தட்டைக் காதில் மாட்டினால், ஐந்து ஆறும் தாண்டித் திருவையாறு போய்ச் சேர்வதற்குள் முழுத் தட்டும் முடிந்துவிடும். நம் ஊர்க் கச்சேரியில் சாவகாசமாக ஒரு தோடி ஆலாபனை பாடி முடிக்கிற நேரம்தான். அதற்குள் 14 பாட்டு. எதிலும் கிட்டாருக்குத் தனி ஆவர்த்தனம் கிடையாது என்றே சொல்லலாம்.

1976 ஏப்ரலில் சையர் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. ஜோயி, ஜானி, டீ டீ, டாமி என்று நியூயார்க் குவீன்ஸ் பகுதிப் பையன்கள் நாலு பேர். உறவுக்காரர்கள் இல்லை, ஆனாலும் எல்லோரும் ரமோன் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 6,400 டாலர் செலவில் முடிந்த பதிவு. அப்போது விற்பனை சொற்பம். அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிக்கான தங்கத்தட்டுச் சான்று 2014 ஏப்ரலில்தான் வந்தது. அன்றைக்கு நால்வரில் டாமி ஒருவர்தான் மிச்சம். ஜூலையில் அவரும் போய்விட்டார்.

வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர். பேஸ் கிட்டார் இடது பக்கம், கிட்டார் வலது பக்கம், குரலும் டிரம்ஸும் நடுவில் என்று பிரித்து வைத்த கலவை இது. பழைய ஆம்ப்ளிஃபயரில் வலது சேனல் செத்திருந்தால் கிட்டார் வாசிக்கிற ஜானியே காணாமல் போய்விடுவார். 'சத்தம் சப்பென்று இருக்கிறது' என்று தட்டைக் குறை சொல்வார்கள். பேலன்ஸ் குமிழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

குமிழை வலது கோடிக்குக் கொண்டுபோய் கிட்டாரைக் கூர்ந்து கேளுங்கள். இந்தத் தட்டின் உயிரே அங்கேதான். முதல் பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 175 தாள அடி ஓடுகிறது. ஒரு அடிக்கு இரண்டு மீட்டு, எல்லாம் மேலிருந்து கீழாகவே. கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய ஆறு. துரித காலத்தில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இதன் அருமை உடனே பிடிபடும். மூன்று கார்டு (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் யாரும் வாசிக்கலாம் என்பார்கள். கார்டு சுலபம்தான், கைதான் தாங்காது. புதிதாக வாசிக்கிறவர்கள் பாதியில் மேலும் கீழுமாக மீட்ட ஆரம்பித்துவிடுவார்கள். உடனே அந்த அறுப்புச் சத்தம் தளர்ந்துபோகும். முழங்கையை இறுக்காமல் மணிக்கட்டால் மீட்ட வேண்டும். நிமிடத்துக்கு 120 அடியில் ஆரம்பித்து, முழுப் பாட்டும் நிற்காமல் வந்தபிறகு ஐந்து ஐந்தாக ஏற்றலாம். முன்கை வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

பெல்ட் தளர்ந்த பிளேயரில் வேகம் குறைந்து பாட்டு தொங்கிவிடும். லேபிள் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டிச் சுற்றை எண்ணுங்கள்: 3 நிமிடத்துக்குச் சரியாக 100 வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டை பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள். சாம்பிராணிப் புகையும் படக்கூடாது.

ஒரு குறை உண்டு. கடைசிப் பாட்டின் நாஜி வரிகள் கேலிதான் என்றாலும் உறுத்துகின்றன. ஜோயியும் டாமியும் யூதர்கள் என்பது தெரிந்தபிறகும் அந்த உறுத்தல் முழுதாகப் போவதில்லை.

வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர்தான் என்றால், 40ஆம் ஆண்டையொட்டி 2016இல் வந்த பதிப்பில் இடது வலது என்று பிரிக்காத மோனோ கலவை இருக்கிறது, அதைத் தேடுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நன்றாக இருந்தால் பழைய ஸ்டீரியோவேதான்.