தாராவி 90 அடி சாலை டியூஷன்: கணக்கில் கிராமர் விதி புரிந்தது

மகள் மகாராஷ்டிரா போர்டில் பத்தாவது படிக்கிறாள். அல்ஜீப்ராவில் முதல் பாடமே இரண்டு மாறிகளில் நேரியல் சமன்பாடுகள். அதில் டிடர்மினன்ட் போட்டு, அதாவது எண்களைக் கட்டமாக அடுக்கிக் குறுக்கே பெருக்கிக் கழித்து, விடை காணும் கிராமர் விதி வரும். நான் நெல்லைப் பக்கம் படித்தவன், எனக்குத் தெரிந்தது குறுக்குப் பெருக்கல் முறை. வீட்டில் நான் சொல்லிக் கொடுத்ததும் அவள் பாடமும் ஒட்டவே இல்லை. முன்பு அனுப்பிய கோச்சிங்கிலோ சூத்திரத்தைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள், அவ்வளவுதான்.

90 அடி சாலையை ஒட்டிய சந்தில், மாடியில் ஒரு தமிழ் அக்கா டியூஷன் எடுக்கிறார். முதல் நாள் நானும் கூட உட்கார்ந்தேன். 3 வடாபாவ், 2 சாயா 80 ரூபாய். 2 வடாபாவ், 3 சாயா 70 ரூபாய். ஒன்றின் விலை என்ன? முதலில் நீக்கல் முறை. வடாபாவ் விலை x. மேல் சமன்பாட்டை 3-ஆலும் கீழதை 2-ஆலும் பெருக்கிக் கழித்தால் 240 − 140, அதாவது 5x = 100. வடாபாவ் 20, சாயா 10.

பிறகு அதே கணக்கை டிடர்மினன்டில் போட்டார். வடாபாவ், சாயா எண்ணிக்கைகளை அடுக்கினால் D = 9 − 4 = 5. வடாபாவ் எண்ணிக்கைக்குப் பதில் 80, 70 போட்டால் Dx = 240 − 140 = 100. Dx-ஐ D-ஆல் வகுத்தால் x = 20. "அதே 240, அதே 140, அதே 5. பாத்தியாம்மா?" என்றார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கே கொடுத்த ஃபீஸ் தகும்.

நாங்கள் வீட்டில் தடுமாறிய இடத்தையும் உடனே பிடித்துவிட்டார். குறுக்குப் பெருக்கலில் 80-ஐயும் 70-ஐயும் இடப்பக்கம் கொண்டுவந்து −80, −70 என்று எழுத வேண்டும். கிராமரில் அவை வலப்பக்கமே இருக்கும். இரண்டையும் கலந்தால் வடாபாவ் விலை −20 என்று வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. D பூஜ்ஜியம் ஆனால் இந்த விதியால் வகுக்கவே முடியாது, அதனால் அதை முதலில் பார் என்கிறார். கிடைத்த விடையை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்காமல் நோட்டை மூட விடுவதில்லை.

அறை சின்னது, ஒரே ஃபேன். மழை நாளில் சந்தில் தண்ணீர் நிற்கும். ஜியாமெட்ரி கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். மாதம் 900 ரூபாய். 12 பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை, ஜூனிலேயே போய்க் கேட்டுவிடுங்கள்.