ஸ்மார்ட் டாய்லெட்: வாங்கும் முன் மாடித் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள்

ஷோரூமில் சூடான இருக்கையும் தானே திறக்கும் மூடியும் வெந்நீர் பீய்ச்சிக் கழுவும் வசதியும் அசத்தும். வீட்டில் முதலில் இடிப்பது தண்ணீர் அழுத்தம். தொட்டி 10 அடி மேலே இருந்தால் கிடைப்பது சுமார் 0.3 பார் (அழுத்தத்தின் அளவு) தான். ஃபிளஷ் டேங்க் இல்லாத மாடல்கள் பலவற்றுக்கு 1 பாருக்கு மேல் வேண்டும். குறைந்தால் கழிவு முழுதாக இறங்காது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளத்தில் இருப்பவர்கள் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்ப் உள்ளேயே இருக்கும் மாடலைத்தான் கேட்க வேண்டும்.

போர்வெல் தண்ணீர் இன்னொரு எதிரி. உப்பு படிந்து, தண்ணீர் பீய்ச்சும் நாசிலும் உள்வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும், ஹீட்டர் சீக்கிரம் பழுதாகும். இன்லெட்டில் ஃபில்டர் கட்டாயம். கடின நீர் என்றால் சாஃப்ட்னரும் வேண்டும்.

கழுவும் தண்ணீரை அந்த நொடியே சூடாக்கும் உடனடி ஹீட்டர் வகை 1200 வாட்டுக்கு மேல் இழுக்கலாம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்காதீர்கள். தனி லைன், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி மூன்றும் இல்லாமல் பொருத்தவே கூடாது. நம் குளியலறையில் வாளித் தண்ணீர் எங்கும் தெறிக்கும். பிளக் பாயின்ட் ஷவரிலிருந்து விலகி, மூடியுள்ளதாக இருக்கட்டும்.

டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து கழிவுக்குழாய் மையம் வரை அளந்து, மாடலின் அளவோடு ஒப்பிடுங்கள்.

மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இந்த வசதி உண்மையிலேயே பெரிய உதவி. அவர்களுக்காக மட்டும் என்றால், இருக்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டிலேயே பிடே சீட் (தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இருக்கை) மாட்டுவது போதும்; ஃபிளஷ் பழையபடியே இருப்பதால் கரண்ட் போனாலும் சிக்கல் இல்லை.